சீட்டுக்கட்டுத் தொழிற்சாலையில் தொடங்கிய வழி

சென்ற தை மாதத்தில் காஞ்சிபுரம் வட்டாரத்திலுள்ள ஒரு பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். இருப்பிலிருந்த சேலைகளை எண்ணி, பதிவேட்டுடன் ஒப்பிட்டு முடித்த வேளையில், முப்பது ஆண்டுகளாகச் சங்கத்தில் அங்கத்தினராக இருந்துவரும் பெரியவர் ஒருவர் நம்மிடம் வந்து தயங்கி நின்றார். கூலிக் கணக்கைப் பற்றிய முறையீடாக இருக்கும் என்று எண்ணினோம். அவர் கேட்டது வேறு.

“சார், நீங்கள் படித்தவர்கள். என் மகன் பாலிடெக்னிக் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். வீடியோ கேம் செய்யும் வேலைக்குத்தான் போவேன் என்கிறான். பட்டணத்தில் ஒரு பயிற்சிக்கூடத்தில் மூன்று லட்ச ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். கூட்டுறவு வங்கியில் நகையை வைத்துக் கட்டிவிடலாமா? முதலில் அது ஒரு தொழில்தானா?”

நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. ஓர் ஐந்தொகையைக் கண்டால் அதில் ஓட்டை எங்கே என்று சொல்லலாம். விளையாட்டைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? அடுத்த முறை வரும்போது சொல்வதாகவும், அதுவரை நகையைத் தொடவேண்டாமென்றும் அவரைக் கேட்டுக்கொண்டு விடைபெற்றோம். பிறகு ஓய்வு கிடைத்த பொழுதெல்லாம் இத்தொழிலை உண்டாக்கியவர்களின் வரலாறுகளைத் தேடிப் படித்தோம். அவர்கள் எந்த வாயில் வழியாக உள்ளே நுழைந்தார்கள் என்பதே நாம் அறிய விரும்பியது. படித்தறிந்ததை அங்கத்தினர் யாவருக்கும் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறோம். இப்பொழுதெல்லாம் இக்கேள்வி ஒரு வீட்டில் மட்டும் எழுவதன்று.

ஜப்பான் தேசத்தின் பழைய தலைநகரான கியோட்டோ, நெசவுக்குப் பெயர்பெற்ற நகரம். அங்கே நிஷிஜின் என்னும் பகுதியில் பட்டும் பொன்னிழையும் நெய்யும் குடும்பங்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்து வருகின்றன. 1872-ஆம் ஆண்டில் அந்நகரத்தார் மூன்று பேரைப் பிரான்சு தேசத்து லியோன் நகருக்கு அனுப்பி, ஜக்கார்டுத் தறியைக் கற்றுவரச் செய்தனர். நம் சங்கத்துத் தறிகளின்மேல் அமர்ந்திருக்கும் ஜக்கார்டுப் பெட்டியும் அதே வம்சத்தைச் சேர்ந்ததுதான். அதே கியோட்டோவில் 1889-ஆம் ஆண்டில் பூப்படம் தீட்டிய சீட்டுக்கட்டுகளைச் செய்து விற்கும் சிறிய கடை ஒன்று தொடங்கப்பெற்றது. அதுவே பிற்காலத்தில் உலகெங்கும் பெயர்பெற்ற நின்டெண்டோ கம்பெனியாகும்.

1965-ஆம் ஆண்டில் குன்பெய் யோகோய் என்னும் இளைஞர் அக்கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அந்நகரத்து டோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னியல் படித்தவர். பெரிய மின்சாதனக் கம்பெனிகளில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. உள்ளூரிலேயே ஒரு வேலை என்றால் போதும் என்று சீட்டுக்கட்டு ஆலைக்குப் போனார். சீட்டு அச்சடிக்கும் யந்திரங்கள் பழுதுபடாமல் பார்த்துக்கொள்வதே அவருடைய உத்தியோகம். யந்திரங்கள் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால் அவருக்கு வேலையே இல்லை. அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில், அங்கிருந்த கருவிகளைக் கொண்டு, நீட்டினால் நீளும், மடக்கினால் சுருங்கும், நுனியில் பொருளைப் பற்றும் கை ஒன்றைத் தம் பொழுதுபோக்குக்காகச் செய்தார்.

அதை வைத்து விளையாடிக்கொண்டிருந்த பொழுது, கம்பெனித் தலைவர் ஹிரோஷி யாமவுச்சி பார்த்துவிட்டார். பிறகு அழைப்பு வந்தது. வேலை நேரத்தில் விளையாடியதற்குக் கண்டனம் கிடைக்கும் என்று அஞ்சிக்கொண்டு சென்ற அவருக்கு, இதையே விற்பனைப் பொருளாகச் செய்து கொடு என்ற உத்தரவு கிடைத்தது. 1966-இல் ‘அல்ட்ரா ஹேண்ட்’ என்ற பெயரில் வெளிவந்த அப்பொம்மைக் கை பத்து லட்சத்திற்கு மேல் விற்றது. யந்திரம் பார்த்த இளைஞர் அன்று முதல் பொம்மை செய்யும் பிரிவுக்கு மாற்றப்பட்டார். நம் ஊரில் இப்படி நடந்திருந்தால் முதலில் விளக்கம் கேட்கும் குறிப்பாணை வந்திருக்கும் என்பது நம் எண்ணம். ஆனால் மேலதிகாரியின் நற்குணத்தைப் பாராட்ட இக்கதையைச் சொல்லவில்லை. யோகோயின் கையில் ஒரு பொருள் இருந்தது. அவர் எந்த வகுப்பில் தேறினார் என்று அன்று யாரும் கேட்கவில்லை. நாம் கவனிக்கவேண்டியது அதுவே.

அவருடைய பெருவேலைகள் பின்னரே வந்தன. 1970-களில் சட்டைப் பைக்குள் அடங்கும் கணக்கிடும் கருவிகளைச் செய்வதில் ஜப்பானியக் கம்பெனிகளுக்குள் கடும் போட்டி மூண்டது. எண்களைக் காட்டும் சிறிய திரைகள் மலிந்து, விலை மிகவும் தாழ்ந்துவிட்டது. ஒருநாள் ரயிலில் பயணம் செய்த யோகோய், எதிரே களைத்துப்போயிருந்த ஓர் உத்தியோகஸ்தர் பொழுது போகாமல் தம் கணக்குக் கருவியின் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருப்பதைக் கண்டார். கைக்குள் மறைத்து விளையாடத்தக்க சிறுபெட்டி ஒன்று இருந்தால் இவர் வாங்குவார் அல்லவா என்று தோன்றிற்று.

பிறகு நிகழ்ந்ததும் ஒரு வேடிக்கையே. தலைவரின் கார் இடப்புறம் ஸ்டியரிங் அமைந்த அயல்நாட்டு வண்டி. ஒருநாள் சாரதி வரவில்லை. அவ்வண்டியை ஓட்டப் பழகியவர் யோகோய் என்பதால் அவரை ஓட்டச் சொன்னார்கள். வெறும் சாரதியாக மட்டும் போய்வர மனமின்றி, வழியில் இவ்வெண்ணத்தைத் தலைவரின் காதில் போட்டு வைத்தார். தலைவர் அக்கறை காட்டியதாகத் தெரியவில்லை. ஆயினும் சில நாட்களில் திரை செய்யும் ஷார்ப் கம்பெனியின் பெரிய அதிகாரிகளே இவரைத் தேடி வந்துவிட்டனர். 1980-இல் வெளிவந்த ‘கேம் அண்ட் வாட்ச்’ என்னும் சிறு விளையாட்டுப் பெட்டிகள், அவ்வரிசை முடியும் வரையில் 4 கோடிக்கு மேல் விற்றன. 1982-இல் அவற்றுள் ஒன்றில் அவர் அமைத்த, கூட்டல் குறி போன்ற பொத்தான் இன்றும் விளையாட்டுக் கருவிகளில் கட்டைவிரலின் கீழ் இருந்து வருகிறது.

யோகோய் தமக்கென ஒரு கொள்கை வகுத்துக்கொண்டார். புத்தம் புதிய, விலை மிகுந்த நுட்பத்தின் பின்னே ஓடாமல், எல்லோருக்கும் பழகிப்போய், மலிவாகி, குற்றங்குறைகள் நீங்கிய நுட்பத்தை எடுத்து, அதை யாரும் எதிர்பாராத வேறோர் இடத்தில் பயன்படுத்துவதே அக்கொள்கை. 1989-இல் வெளிவந்த ‘கேம் பாய்’ என்னும் கைப்பெட்டி அதற்குச் சான்று. அதே ஆண்டில் அமெரிக்காவில் அட்டாரி கம்பெனி வண்ணத்திரை கொண்ட பெட்டியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதற்கு ஆறு பேட்டரிகள் வேண்டும். அவையும் நான்கைந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கேம் பாயின் திரையில் வண்ணமே இல்லை. நால்வகைச் சாயல் மட்டுமே. ஆனால் நான்கு பேட்டரிகளில் பத்து மணி நேரத்திற்கு மேல் ஓடிற்று; விலையும் குறைவு. அதுவும், பின்னர் வந்த அதன் வண்ணப் பெட்டியும் சேர்ந்து ஏறத்தாழ 11 கோடியே 87 லட்சம் விற்றதாகக் கம்பெனிக் கணக்கு கூறுகிறது.

அப்பெட்டியின் திரையைப் பற்றி நெசவாளர்களுக்கு ஒரு வார்த்தை தனியே சொல்லவேண்டும். குறுக்கே 160 கட்டங்கள், நெடுக்கே 144 கட்டங்கள். மொத்தம் 23,040 கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் நால்வகைச் சாயல்களுள் ஒன்றை ஏற்கும். அன்னமோ யாளியோ வேண்டுமென்றால் நம் டிசைன் போடுபவர் கிராப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்புகிறாரே, அந்த வேலைதான் இதுவும். அந்தத் தாளைப் பார்த்து அட்டையில் துளையிடுகிறோம். துளை இருந்தால் கொக்கி மேலெழும், இல்லாவிட்டால் எழாது. 1804-ஆம் ஆண்டளவில் லியோன் நகரத்து ஜக்கார்டு அமைத்த இந்த அட்டை முறையைத்தான், சுமார் முப்பது ஆண்டுகளுக்குப் பின், ஆங்கிலேய அறிஞர் சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணக்கிடும் யந்திரத்திற்கு எடுத்துக்கொண்டார். ஆகவே கணிப்பொறியைக் கண்டு தறிவீட்டுப் பிள்ளை அஞ்சவேண்டுவதில்லை. தாய்வழி உறவு என்று சொல்லிக்கொள்ளலாம்.

யோகோயின் மேற்பார்வையில் வேலை பழகிய இன்னொருவரும் இவ்வகைப்பட்டவரே. ஷிகெரு மியாமோட்டோ என்பவர், கியோட்டோவுக்கு அருகிலுள்ள சோனோபே என்ற ஊரில் பிறந்து, கனசாவா நகரத்துக் கலைக் கல்லூரியில் பொருள்களுக்கு வடிவமைக்கும் பாடம் படித்தவர். சித்திரக்கதை வரைபவராக வேண்டுமென்பது அவருடைய ஆசை. 1977-இல் தந்தையாரின் நண்பர் வழியாகத் தலைவர் யாமவுச்சியைக் காணும் வாய்ப்புக் கிடைத்தது. செய்த பொம்மைகளைக் கொண்டுவா என்றார் தலைவர். மியாமோட்டோ கொண்டு சென்றவற்றுள், குழந்தைகளுக்காகப் பிராணி வடிவத்தில் மரத்தால் செதுக்கிய துணி மாட்டிகள் இருந்தன. வேலை கிடைத்தது.

1981-இல் அமெரிக்காவில் விற்காமல் தேங்கிக் கிடந்த சுமார் 2,000 விளையாட்டு யந்திரங்களுக்குள் புதிய விளையாட்டு ஒன்றை வைத்து விற்றுத் தீர்க்கவேண்டிய நெருக்கடி கம்பெனிக்கு ஏற்பட்டது. இருப்புச் சரக்குத் தேங்கினால் என்னவாகும் என்பதைச் சங்கக் காரியதரிசிகளுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. அவ்வேலை மியாமோட்டோவிடம் கொடுக்கப்பட்டது. கணிப்பொறிக்கு நிரல் எழுதும் தொழில் அவருடையதன்று. படம் வரைந்தார், கதை சொன்னார், நிரலை வேறு பொறியாளர் எழுதினர். குரங்கு ஒன்று மேலிருந்து பீப்பாய்களை உருட்ட, ஒரு தச்சன் அவற்றைத் தாண்டி ஏறும் அவ்விளையாட்டே ‘டாங்கி காங்’. அத்தச்சனே பின்னர் மாரியோ என்று உலகம் அறிந்த பாத்திரமானான்.

இவை பெரிய கம்பெனிக்குள் நடந்தவை. தேங்கிய சரக்கும், பார்வையிட வரும் தலைவரும் நமக்கு எங்கே கிடைப்பார்கள் என்று அங்கத்தினர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்காக, கம்பெனியே இல்லாமல் தனியே செய்த ஒருவரைப் பற்றியும் கூறுகிறோம். பயிரிடுவோர்க்கு அவர் கதை இன்னும் நெருக்கமாயிருக்கும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த எரிக் பரோன் 2011-இல் கணிப்பொறிப் படிப்பில் பட்டம் பெற்றார். வேலை கிடைக்கவில்லை. நிரல் எழுதும் திறமையை வளர்த்துக்கொண்டால் வேலை கேட்கலாமென்று, பழகுவதற்காக ஒரு சிறு விளையாட்டைத் தொடங்கினார். பொருள், வேளாண்மை. பாட்டனார் விட்டுச்சென்ற பாழ்நிலத்தைப் பெரிய கம்பெனி வேலையை உதறிவிட்டு வந்த பேரன் திருத்தி, களையெடுத்து, கிழங்கு விதைத்து, தண்ணீர் ஊற்றி, பருவந்தோறும் மாறும் பயிர்களை விளைவித்து, ஊராரோடு பழகுகிறான். ஊரில் பாழடைந்து கிடக்கும் பொதுக்கூடத்தை எல்லோருக்குமாகப் புதுப்பிப்பதா, அதை ஒரு பெருங்கடைக் கம்பெனியின் கிடங்காக்க விடுவதா என்பதும் அதில் ஒரு கேள்வி. கூட்டுறவு இலாகாவில் எவரும் கேட்டு வாங்காமலே இக்கதை அமைந்திருக்கிறது என்பதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி.

சில மாதங்களில் முடியுமென்று எண்ணியது நாலரை ஆண்டுகள் இழுத்தது. படம், இசை, கதை, நிரல் அனைத்தும் அவர் ஒருவரே. வரைந்த படங்கள் பிடிக்காமல் மீண்டும் மீண்டும் புதிதாக வரைந்தார். சியாட்டில் நகரத்து நாடக அரங்கு ஒன்றில் மாலை வேளைகளில் வருவோரை இருக்கைக்கு அழைத்துச் செல்லும் சிப்பந்தியாகவும் வேலை பார்த்தார். அவருடன் வாழ்ந்த பெண்மணியின் சம்பாத்தியமும் குடும்பத்தைத் தாங்கிற்று. இதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கணக்குப் பார்ப்பவர்களாகிய நாம் விடமுடியாது. ஒரு முதலீட்டின் வரவை எழுதினால், அதற்கு வாயிலாக இருந்த செலவையும் எழுதவேண்டும். 2016 பிப்ரவரி 26-இல் வெளியான அவ்விளையாட்டின் பெயர் ‘ஸ்டார்டியூ வேலி’. 2024-ஆம் ஆண்டின் இறுதிக்குள் 4 கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றன.

இவ்வெண்ணிக்கையைப் படித்துவிட்டு மூன்று லட்சத்தைக் கட்ட ஓடவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். கோடி விற்றவர்களின் பெயர்தான் நம் செவிக்கு எட்டுகிறது. 2023, 2024 ஆகிய ஈராண்டுகளில் உலகெங்கும் விளையாட்டுக் கம்பெனிகளில் பல்லாயிரவர் வேலை இழந்தனர்; நன்கு படித்து, பெரிய ஸ்தாபனங்களில் இருந்தவர்களும் அவர்களுள் அடங்குவர். யோகோயும் எப்பொழுதும் வென்றவர் அல்லர். 1995-இல் அவர் கொணர்ந்த, கண்ணில் வைத்துப் பார்க்கும் ‘வர்ச்சுவல் பாய்’ என்னும் சிவப்புத்திரைக் கருவி ஓராண்டு அளவில் கைவிடப்பட்டது. 1996-இல் கம்பெனியை விட்டு விலகித் தனியே தொழில் தொடங்கினார். 1997 அக்டோபரில் சாலை விபத்தில் இறந்தார்.

இனி அப்பெரியவரின் கேள்விக்கு வருவோம். பயிற்சிக்கூடங்கள் யாவும் பயனற்றவை என்று நாம் சொல்லவில்லை. நல்லாசிரியர் ஒருவரிடம் ஆறு மாதம் கற்பது, தனியே ஈராண்டு தடுமாறுவதைவிட மேலாக இருக்கலாம். ஆனால் இத்தொழிலில் சிறிய ஸ்தாபனங்கள் பல, சான்றிதழைப் பார்க்குமுன், நீ செய்ததைக் காட்டு என்றே கேட்கின்றன. காட்டுவதற்கு ஒன்றைச் செய்ய இன்று மூன்று லட்சம் வேண்டியதில்லை. கோடோ என்ற பெயருடைய, விளையாட்டு அமைக்கும் மென்பொருள் 2014 முதல் எவரும் இலவசமாகப் பயன்படுத்தக் கிடைக்கிறது. அதைத் தொடங்கியவர்கள் அர்ஜென்டினா தேசத்தார் இருவர். 48 மணி நேரத்திற்குள் ஒரு சிறு விளையாட்டை முடித்துக் காட்டும் ‘லூடம் டேர்’ என்னும் போட்டி 2002 முதல் நடந்துவந்திருக்கிறது. அவ்வகைப் போட்டிகள் வேறும் உண்டு. கலந்துகொள்ளக் கட்டணம் இல்லாதவை பல. விற்க விரும்பினால் ஸ்டீம் என்னும் பெருஞ்சந்தையில் ஒரு விளையாட்டுக்கு 100 டாலர் கட்டவேண்டும்; விற்பனையில் நூற்றுக்கு முப்பது அவர்கள் எடுத்துக்கொள்வது வழக்கம். தரகு அதிகம் என்று நமக்குத் தோன்றுகிறது. எனினும் கணக்கு வெளிப்படையாக இருக்கிறது.

கூட்டாகச் செய்வோரும் இருக்கிறார்கள். பிரான்சு தேசத்துப் போர்டோ நகரில் 2001-இல் தொடங்கிய மோஷன் ட்வின் ஒரு தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். முதலாளி இல்லை, அங்கத்தினர் எல்லோருக்கும் ஒரே சம்பளம், முடிவு எடுப்பதில் சம உரிமை. பழைய வகை விளையாட்டுகளில் வருமானம் குன்றிச் சங்கம் நலிந்தபோது, துணிந்து செய்த ‘டெட் செல்ஸ்’ 2018-இல் முழுமையாக வெளிவந்து பெருவெற்றி கண்டது. ஆட்களைப் பெருக்கிக்கொண்டே போனால் சம உரிமை நிலைக்காது என்று கருதிச் சங்கத்தைச் சிறிதாகவே வைத்துக்கொண்டனர். அவ்விளையாட்டை மேலும் வளர்க்கும் வேலைக்குத் தனியே வேறொரு கம்பெனி அமைந்தது. அவர்களுடைய துணைவிதிகளைப் பார்க்க நமக்கு ஆவல் உண்டு. மகாசபையில் யாரும் தூங்கமாட்டார்கள் என்று நினைக்கிறோம்.

பங்குனி மாதத்தில் மறுபடியும் அச்சங்கத்திற்குச் சென்றோம். பெரியவர் மகனையும் அழைத்து வந்திருந்தார். மேற்கூறியவற்றைச் சுருக்கமாகச் சொல்லி, ஆறு மாதம் பொறுக்கும்படியும், அதற்குள் தம்பி ஒரு சிறு விளையாட்டையாவது தொடக்கம் முதல் இறுதி வரையில் செய்து, அறிமுகம் இல்லாத பத்துப் பேரை விளையாட வைக்கும்படியும், காலையில் தந்தைக்குத் தறியில் உதவிவிட்டு மாலையில் இதைச் செய்யும்படியும் யோசனை கூறினோம். மகனுக்கு அது உவப்பாக இருந்ததாகத் தெரியவில்லை. பட்டணத்துப் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்துவிட்ட நண்பர்கள் இருவரைக் குறிப்பிட்டான். பெரியவர் ஒன்றும் பேசவில்லை.

ஆடியில் நாம் சென்றபோது அத்தம்பி தானாகவே செல்பேசியை எடுத்து நீட்டினான். திரையில் ஒரு தறி. விரலால் தட்டத் தட்ட நாடா ஓடிச் சேலை வளர்கிறது. வண்ணம் தவறினால் இழை அறுந்து தொடக்கத்திற்குப் போய்விடுகிறது. நாம் நான்கு முறை அறுத்தோம். தந்தையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“கரையும் உடலும் வேறு வேறு நிறம். ஒரு நாடாவில் எப்படி இரண்டையும் நெய்தாய்? கோர்வைக்கு மூன்று நாடா வேண்டாமா?” என்றார்.

“விளையாட்டுக்குத்தானே அப்பா” என்றான் மகன்.

“விளையாட்டாக இருந்தால் என்ன? அந்தப் பக்கத்தில் கோர்வை இழுக்க ஆள் எங்கே?”

மகன் சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, அப்படியானால் இருவர் சேர்ந்து விளையாடும்படி செய்யவேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டான். அந்த மாற்றம் இன்னும் முடியவில்லை என்று சென்ற வாரம் காரியதரிசி தெரிவித்தார். நகைகள் வீட்டிலேயே இருக்கின்றன.